எவன்ஸ் ப்ளூ சாயம்: நரம்புத் தடுப்பின் கசிவை அளக்க எவ்வளவு நம்பலாம்?

நரம்பு அடிபட்டபின் ரத்த-நரம்புத் தடுப்பு (ரத்தத்தில் உள்ளவை நரம்புக்குள் கண்டபடி புகாமல் காக்கும் அரண்) எவ்வளவு கசிகிறது என்று எலிகளில் பார்ப்பவர்கள் முதலில் வாங்கி வைப்பது இந்த நீலப் பொடியைத்தான். பெரிய கசிவைப் பிடிப்பதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூலக்கூறு மட்டத்தில் என்ன மாறியது என்பதற்கு இதை மட்டும் சாட்சியாக வைக்கக் கூடாது.

சாயத்தின் மூலக்கூறு எடை 961 டால்டன்தான். ரத்தத்தில் ஏறியதும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், சுற்றி வருவது ஏறத்தாழ 68 கிலோடால்டன் கூட்டு. கிளாடின்-5 என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளின் மூளைத் தடுப்பில் 800 டால்டனுக்கும் குறைவானவை மட்டுமே கசிந்ததை 2003இல் காட்டினார்கள். நரம்பின் உள்ளே ஓடும் நுண்குழாய்களிலும் இறுக்கச் சந்திப்பின் (பக்கத்துப் பக்கத்துச் செல்களை இடைவெளியின்றி இணைக்கும் இடம்) முக்கியப் புரதம் அதே கிளாடின்-5. அது மட்டும் குறைந்த நரம்பில் எவன்ஸ் ப்ளூ எதையும் காட்டாமல் போகலாம். அதனால் 376 டால்டன் எடையுள்ள சோடியம் ஃப்ளூரசீன் என்ற சிறிய சாயத்தையும் வேறொரு குழு விலங்குகளில் ஏற்றிப் பாருங்கள்.

நீலம் தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம். குழாய்ச் செல்கள் ஆல்புமினை நுண்பைகளில் அள்ளி மறுபக்கம் விட்டாலும் அதே நீலம்தான். சந்திப்பு உடைந்ததா என்பதை அதன் புரதங்களைத் திசுவில் பார்த்தே சொல்ல வேண்டும்: நுண்குழாய்க்கு கிளாடின்-5, ஆக்லூடின், இசட்ஓ-1, பெரிநியூரியத்துக்கு (நரம்பிழைக் கட்டைச் சுற்றியுள்ள உறை) கிளாடின்-1. காயத்துக்குப்பின் இவை குறைவதோடு, உள்ளே நுழையும் மேக்ரோஃபேஜ்கள் (நோயெதிர்ப்பு விழுங்கு செல்கள்) வெளியிடும் எம்எம்பி-9 போன்ற நொதிகள் செல்களுக்கு அடியில் உள்ள அடிச்சவ்வையும் அரிக்கின்றன.

தயாரிப்பு எளிது. 0.9% உப்புநீரில் 2% கரைசல், அதாவது 1 மி.லி.க்கு 20 மி.கி. 0.22 மைக்ரான் வடிகட்டியில் கட்டாயம் வடிகட்டுங்கள்; கரையாத துகள் நுண்குழாயை அடைத்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 4 மி.லி. வீதம் வால் சிரையில் மெதுவாக ஏற்ற வேண்டும். சில நிமிடங்களில் காதும் பாதமும் நீலமாகும். வால் மட்டும் கருநீலமாகி காது வெளுத்தே இருந்தால் ஊசி சிரைக்கு வெளியே போயிருக்கிறது. அந்த விலங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அளவைத் தாண்டி ஏற்றினால் ஆல்புமினில் இடம் தீர்ந்து, ஒட்டாத சாயம் தனியாகத் திரியும். கசிவு இல்லாத இடத்திலும் நீலம் வருவது இப்படித்தான். அரைமணி நேரம் சுற்றவிட்டு, வெளிவரும் நீர் தெளியும்வரை இதயம் வழியாக உப்புநீர் செலுத்துங்கள்.

பலரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். முழு நரம்பையும் ஃபார்மமைடு என்ற கரைப்பானில் 55 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் ஊறவைத்து, வெளிவந்த சாயத்தை 620 நானோமீட்டரில் அளப்பது வழக்கம். ஆனால் எபிநியூரியத்தின் (நரம்பின் வெளியுறை) குழாய்களுக்கு இந்தத் தடுப்பு கிடையாது. அடிபடாத நரம்பிலும் வெளியுறை நீலமாகத்தான் இருக்கும். உறையை உரிக்காமல் ஊறவைத்தால் வரும் எண் எபிநியூரியத்தின் எண். உரித்தபின் மிஞ்சும் திசு சில மில்லிகிராம்தான் என்பதால், ஒளிர்வு அளவியே மேல்: 620இல் தூண்டி 680இல் படியுங்கள். ஒப்பீட்டு வரிசையையும் (அளவு தெரிந்த சாயக் கரைசல்கள்) ஃபார்மமைடிலேயே தயாரியுங்கள். ஃபார்மமைடு கருவைப் பாதிக்கும், புகைக்கூண்டுக்குள்தான் வேலை.

இதைவிட நம்பகமானது நரம்பைக் குறுக்காக வெட்டி ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்ப்பது. 4% பாராஃபார்மால்டிஹைடில் ஆல்புமின் உறைவதால் சாயமும் இடத்திலேயே நிற்கும். உறைநிலை வெட்டு மட்டும். பாரஃபினுக்கு முந்தைய ஆல்கஹால் சாயத்தைக் கழுவிவிடும். கண்ணாடியில் ஒட்டிய அன்றே படமெடுங்கள், நாள் போனால் நிறம் பரவும். சேதமற்ற நரம்பில் பெரிநியூரிய வளையத்துக்குள் கறுப்பும் வெளியே சாயத்தின் சிவப்பு ஒளிர்வும் பளிச்சென்று பிரிந்திருக்கும். நசுக்கிய நரம்பில் முதல் வாரத்திலேயே வளையத்தின் உள்ளேயும் சிவப்பு பரவியிருக்கும். சாயம் சரியாக ஏறியதா என்ற சந்தேகத்துக்கு அதே விலங்கின் முதுகுவேர் நரம்புமுடிச்சையும் (தண்டுவடத்தை ஒட்டிய உணர்வு நரம்புச் செல்களின் திரள்) வெட்டுங்கள். செல்கள் நிறைந்த பகுதியில் இயல்பாகவே இறுக்கமான தடுப்பு இல்லாததால் அது ஒளிர்ந்தே ஆக வேண்டும்.