மின்தாள் கருவியோடு சில ஆண்டுகள்: ஒற்றைக்கொம்பு இன்னும் இடம் மாறியே நிற்கிறது

வக்வாவில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். மொரிசியஸ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்கும் தம் மகளுக்கு, நான் வைத்திருப்பதைப் போன்ற, அச்சுத்தாள் போலத் தெரியும் திரைகொண்ட மின்தாள் வாசிப்புக் கருவி ஒன்றை வாங்கித் தரலாமா என்று கேட்டார். என் கருவி பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பி வந்து அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அதன்மேல் இருந்த கோபம் ஆறவில்லை என்பதால் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் தமிழாசிரியன். கணினித் துறை என் தொழில் அன்று. ஆயினும் அத்துறை ஆய்வாளர்கள் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு அப்பால் எதைக் காண விரும்புகிறார்கள் என்று எழுதிவைக்கும் கட்டுரைகளைத் தேடிப் படிப்பதில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. அமெரிக்காவில் 2006இல் தேசிய அறிவியல் நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கப்பட்ட கணினிச் சமூகக் கூட்டமைப்புக்கு இதுவே வேலை: ஆய்வாளர்களைக் கூட்டிவைத்து, தொலைவில் இருக்கும் எந்தச் சிக்கல்கள் உழைப்புக்குத் தகுந்தவை என்று பேசவைத்து, பேசியதை அறிக்கையாக்குவது. அந்தக் கூட்டமைப்பும் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் சங்கமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட இருபதாண்டுத் திட்ட வரைவைப் படிப்பதற்காகவே 2020இன் தொடக்கத்தில் இக்கருவியை வாங்கினேன். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மடிக்கணினியில் பத்துப் பக்கம் படித்தாலே கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும் நான், அந்த நெடிய அறிக்கையைக் கண் வலியின்றி முடித்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022இல் கணினியாளர் சங்கமான ஏசிஎம் தன் நூலகத்தின் 1951 முதல் 2000 வரையிலான கட்டுரைகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது, 1972இல் அச்சங்கத்தின் மாநாட்டில் கணினி ஆய்வாளர் ஆலன் கே முன்வைத்த, டைனாபுக் என்ற கையடக்கக் கணினிக் கனவைப் பற்றிய கட்டுரையை இறக்கிக்கொண்டு ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரைக்குப் போனேன். வீட்டருகே பூங்காப் புல்லில் படுத்தபடி, கையில் தூக்கிச் செல்லும் கணினியில் விளையாடும் ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருவரோடு அக்கட்டுரை தொடங்குகிறது. சவுக்கு மரங்களின் நிழலை விட்டு விலகி உச்சி வெயிலில் உட்கார்ந்தேன். வெயில் ஏற ஏற எழுத்து தெளிந்தது. ஆலன் கே வேலை செய்த அதே ஜெராக்ஸ் ஆய்வகத்தில்தான் 1970களில் நிக் ஷெரிடன், ஒரு பாதி கறுப்பும் மறுபாதி வெள்ளையுமான நுண்மணிகளைக் கொண்டு மின்தாளுக்கு முதல் வடிவம் கொடுத்தார். என் திரையில் இருப்பது பிற்பாடு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்த வேறொரு முறை என்றாலும், ஒரே கூரையின் கீழ் எழுந்த இரண்டு கனவுகளில் ஒன்றை மற்றொன்றின் வழிவந்த கருவியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலை நான் மறக்கமாட்டேன்.

மின்சாரம் பற்றிக் குறையே இல்லை. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயி வெள்ளக்காடானபோது எங்கள் பகுதியில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. கைப்பேசி அணைந்த பிறகும் இக்கருவி மூன்றில் இரண்டு பங்கு மின்னோடு இருந்தது. இரண்டு பத்தியாக அச்சிடப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நகர்த்த வேண்டியிருப்பது தொல்லைதான், அது பழகிவிட்டது.

பழகாதது ஒன்று உண்டு. மாணவர்கள் எழுதிய ‘பொங்கல் கட்டுரைகள்’ என்ற கோப்பை ஏற்றினேன். கோப்புப் பட்டியலில் ‘ப’ தனியாக நிற்கிறது. அதன் பின்னால் புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டம். அந்த வட்டத்தின் இடப்புறம் ஒற்றைக்கொம்பு, வலப்புறம் துணைக்கால். அதையடுத்து ‘ங்கல்’. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், கால் பின்னால் வரும் என்று கைபிடித்துக் கற்றுக்கொடுக்கிறவன் நான். கோப்பைத் திறந்தால் உள்ளே ஒவ்வோர் எழுத்தும் சரியாக இருக்கிறது. ஆகவே சேமிப்பில் பிழை இல்லை. பட்டியலை வரையும் மென்பொருளில்தான் பிழை. உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் சேமிப்பதற்கான பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) உயிர்மெய்யின் மெய் முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவருவது மென்பொருளின் கடமை. நூலுக்குள் அக்கடமையைச் செய்யும் கருவி, தன் வாசலில் செய்ய மறுக்கிறது.

தேடல் இன்னும் மோசம். ‘பொ’வில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம், இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி விதி சொல்கிறது. இக்கருவிக்கு அந்த விதி தெரியவில்லை. கண்முன்னால் இருக்கும் சொல்லைத் தேடினால் இல்லை என்று பதில் சொல்கிறது.

நிறுவனத்துக்கு இருமுறை எழுதினேன். இரண்டு முறையும் நன்றி தெரிவித்து ஒரே வாசகத்தில் பதில் வந்தது. ஒவ்வொரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் திறந்து பார்ப்பேன். வட்டம் அப்படியே இருக்கும். இருபதாண்டுத் திட்ட வரைவின் மூன்று பெருந்தலைப்புகளில் ஒன்று மனிதரோடு பொருளுள்ள ஊடாட்டம் என்பது. அதைப் படித்து மூடியதும் எதிரே நிற்பது இந்த உடைந்த எழுத்து.

இது புதிய சிக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன். தமிழ் ஒருங்குறியில் இடம்பெற்றது 1991இல், அதன் முதல் பதிப்பிலேயே. அதே ஆண்டு செப்டம்பரில்தான் கணினி ஆய்வாளர் மார்க் வைசர், கணினிகள் எங்கும் நிறைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் காலத்தைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். அதில் அவர் சொன்ன பலகைக் கணினிகள் துண்டுத்தாள் போன்றவை: எவருக்கும் சொந்தமில்லாதவை, கைக்கு எட்டியதை எடுத்து எழுதிவிட்டு வைத்துவிடலாம். சென்ற மாதம் பேட்டரி செத்து, போர்ட் லூயி கடையில் மூன்று வாரம் கிடந்து திரும்பிய என் கருவி, கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கும்வரை ஒரு பக்கத்தைக்கூடக் காட்டவில்லை. கொடுத்து உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ‘பொங்கல்’.

இவ்வளவு சிறிய வட்டத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் தமிழும் அச்சிடப்பட்ட எங்கள் மொரிசியஸ் ரூபாய் நோட்டை எடுத்துப் பார்க்கட்டும். 1998இல் வெளிவந்த புதிய நோட்டுகளில் தமிழுக்கும் இந்திக்கும் இடையிலான வரிசை மாற்றப்பட்டபோது இத்தீவின் தமிழர்கள் எழுந்து கேட்டார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. இங்கே நாங்கள் வீட்டில் கிரியோல் பேசுகிறோம், அலுவலகத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும் எழுதுகிறோம். தமிழ் எங்களுக்குப் பெரும்பாலும் எழுத்தாகவே மிஞ்சியிருக்கிறது. அந்த எழுத்தும் உடைந்து நின்றால் பிள்ளைகளிடம் நான் எதைக் காட்டுவது?

நியாயமாகப் பேசினால், இத்தனை ஆண்டு உழைத்த கருவிக்கு இன்னும் புதுப்பிப்பு வருகிறது. பேட்டரியை மாற்ற முடிந்தது. திரையில் ஒரு கீறல் இல்லை. என் கண்ணைக் காப்பாற்றியதும் இதுதான். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். பட்டியலில் ‘பொ’ ஒழுங்காகத் தெரியும் கருவியைக் கடையில் நேரில் பார்த்த பிறகு பணத்தை எடுக்கட்டும்.

அதுவரை அவர் மகள் என் கருவியையே ஒரு மாதம் வைத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்துக்குக் கொண்டுவருகிறேன். ஆலன் கேயின் கட்டுரை முதல் வரிசையில் இருக்கிறது. தமிழ்க் கோப்புகளின் பெயர்களையெல்லாம் நேற்றிரவு எண்களாக மாற்றிவிட்டேன். 14 என்பது பொங்கல் கட்டுரைகள்.