தைலமர நீள்கொம்பு வண்டுக்குப் பேனல் பொறி: காசுக்குத் தகுமா?

கருப்பு நெளி பிளாஸ்டிக் தகடு இரண்டைக் குறுக்கே செருகி, அடியில் புனலும் கிண்ணமும் மாட்டிய பொறி இது. உயரம் சுமார் 1.2 மீட்டர், அகலம் 30 செ.மீ. தெற்குக் கலிபோர்னியாவில் தைலமரம் வைத்திருப்பவர் வண்டைப் பிடித்தே ஒழித்துவிடலாம் என்று இதை வாங்கினால் காசு தண்டம். எந்த வண்டு, எப்போது பறக்கிறது என்று தெரிந்துகொள்ள வாங்கினால் நல்ல பொருள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பூச்சு. தகட்டிலும் புனலிலும் ஃப்ளூவான் என்ற வழுக்கும் பூச்சு பூசியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டு நகத்தால் பற்றி ஏறிப் பறந்துவிடும். தூசி படிந்தால் துணியால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். விழும் வண்டைக் கொன்று கெடாமல் வைக்க, கிண்ணத்தில் 200 மி.லி. புரொப்பிலீன் கிளைக்கால் போதும். எத்திலீன் கிளைக்கால் வேண்டவே வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாய் குடித்துவிடும், உயிருக்கே ஆபத்து. பொறியை ‘ட’ வடிவ பி.வி.சி. குழாயில் தொங்கவிட்டு, காற்றில் சுழலாதபடி அடியையும் கட்டிவிடுங்கள்.

பொறி ஏமாற்றுவது லூரில், அதாவது வண்டை இழுக்கும் வாசனைப் பொருளில்தான். பொதுவான நீள்கொம்பு வண்டு லூரை மாட்டிவிட்டு இந்த வண்டுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. ஃபோராகாந்தா (இந்த வண்டின் பேரினப் பெயர்) ஆணும் பெண்ணும் தூரத்திலிருந்து ஒன்றையொன்று மோந்து வருவதில்லை. இரண்டுமே வாடிய மரத்தின் வாசனைக்கு இரவில் பறந்து வருகின்றன. அங்கே ஆணின் உணர்கொம்பு பெண்ணின் உடலில் பட்ட பிறகுதான் துணையென்று தெரிகிறது. ஆகவே புதிதாக வெட்டிய, பட்டை உரியாத தைலமரக் கட்டைகளைப் பொறிக்கு அடியில் நிழலில் போடுங்கள். காய்ந்துபோனால் மாற்றுங்கள்.

இந்தக் கட்டையை மறந்துவிட்டால் நீங்களே வண்டுப் பண்ணை வைத்த மாதிரி. பட்டை இடுக்கில் இட்ட முட்டை இரண்டு வாரத்துக்குள் பொரியும். புழு பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே குடைந்து தின்று, வளர்ந்ததும் மரத்துக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். கோடையில் ஈரக்கட்டையில் புழுப் பருவம் முடியச் சுமார் 70 நாள், காய்ந்த கட்டையில் 180 நாள் வரைகூட ஆகும். நான்கு வாரத்துக்குள் பட்டையை உரித்துவிடுங்கள், அல்லது கட்டையைத் தூளாக்குங்கள். புழு உள்ளே போன பின் உரித்துப் பயனில்லை.

இந்த வண்டில் செமிபங்டேட்டா, ரெகர்வா என்று இரண்டு இனம். கிண்ணத்தில் விழுந்ததை இனம் பிரிப்பது எளிது. இறக்கை உறை பெரும்பாலும் கரும்பழுப்பாக இருந்து, நடுவே கோணல்மாணலான வெளிர்பட்டை ஓடினால் செமிபங்டேட்டா. உறை பெரும்பாலும் வெளிர்மஞ்சளாக, பின்பகுதி மட்டும் கருத்து, உணர்கொம்பின் அடிப்புறம் பொன்னிற மயிர் அடர்ந்திருந்தால் ரெகர்வா. இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. கலிபோர்னியாவில் முன்னது 1984இலும் பின்னது 1995இலும் தென்பட்டன. முட்டையை அழிக்கக் கொண்டுவந்த அவெட்டியனெல்லா லோங்கோய் என்ற ஒட்டுண்ணிக் குளவி செமிபங்டேட்டாவை நன்றாக அடக்கியது. ரெகர்வா முட்டைக்குள் அதன் குஞ்சு அவ்வளவாகப் பிழைப்பதில்லை. கிண்ணத்தில் ரெகர்வாவே நிறைய விழுந்தால், குளவி பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்க முடியாது. இந்தத் தகவலுக்காகவே பொறி வாங்கலாம்.

மரத்தைக் காப்பாற்றுவது தண்ணீர். பட்டையில் ஈரம் நிறைந்திருந்தால் பொரிந்த புழு உள்ளே புக முடியாமல் சாகும். வறட்சியில் மாதம் ஒருமுறை, அடிமரத்தில் ஊற்றாமல் கிளை விரிவின் விளிம்பை ஒட்டி, மண்ணில் 30 செ.மீ.க்குக் குறையாமல் இறங்கும்படி பாய்ச்சுங்கள். தைலமரத்தில் குளோபுலஸ், விமினாலிஸ் இனங்கள் வண்டுக்குச் சுலபமாக விழும், கமால்டுலென்சிஸ் தாங்கும். கிளை கழிப்பதை டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள், மற்ற மாதங்களில் வெட்டுக்காய வாசனைக்கே வண்டு வரும்.

பொறிக்கு என் மதிப்பெண்: கண்காணிப்புக்கு ஐந்தில் நான்கு, ஒழிப்புக்கு ஐந்தில் ஒன்று. ஒரு தோப்புக்கு இரண்டு பொறி போதும். மிச்சக் காசைச் சொட்டுநீர்க் குழாய்க்குப் போடுங்கள்.