வீட்டுக் கடன்: தவணையை ஏற்றுவதா, மொத்தமாகக் கட்டுவதா, எஸ்ஐபியில் போடுவதா?

சென்னை மேடவாக்கத்திலோ பெரும்பாக்கத்திலோ ஒரு ஃபிளாட் வாங்க 50 லட்சம் கடன் எடுத்த தம்பதியை வைத்துக் கணக்குப் போடுவோம். வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை 43,391 ரூபாய். முதல் தவணையில் 35,417 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 7,974 மட்டும். பத்து ஆண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி, 52 லட்சம் கொடுத்து முடித்த பிறகும் 35 லட்சம் பாக்கி நிற்கும்.

இந்த எண்களைப் பார்த்ததும் வீட்டில் ஒருவர் “எப்படியாவது சீக்கிரம் அடைச்சிடலாம்” என்பார். இன்னொருவர் “அந்தக் காசை எஸ்ஐபியில போட்டா இதைவிட நல்லா வளருமே” என்பார் (எஸ்ஐபி என்பது மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை போடுவது). இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு முடிவுக்கு வராமலேயே இரண்டு மூன்று ஆண்டு ஓடிவிடுகிறது. கூடுதலாகக் கட்டும் பணத்துக்குப் பலன் அதிகமாக இருப்பது அந்த முதல் ஆண்டுகளில்தான்.

ஒரு பயத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நிலையான வட்டி என்றால் மட்டும் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

கூடுதலாகக் கட்டும் மூன்று வழிகள்

| வழி | கடன் முடியும் காலம் | மொத்த வட்டி |
|---|---|---|
| கூடுதலாக எதுவும் இல்லை | 20 ஆண்டு | 54.1 லட்சம் |
| ஆண்டுக்கு ஒரு தவணை அதிகம் | 16 ஆண்டு 9 மாதம் | 43.9 லட்சம் |
| மாதம் 5,000 அதிகம் | 15 ஆண்டு 7 மாதம் | 40.2 லட்சம் |
| தவணையை ஆண்டுதோறும் 5% ஏற்றுதல் | 12 ஆண்டு 3 மாதம் | 34.6 லட்சம் |

முதல் இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மாதாமாதம் கட்டுவதுதான் சிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றில் ஆண்டுக்கு 43,391 போகிறது, மற்றதில் 60,000 போகிறது, அவ்வளவுதான். அதே 60,000-ஐ ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டினாலும் கடன் ஓரிரு மாதம்தான் தள்ளிப்போகும். ஆகவே தீபாவளி போனஸை நம்பியிருப்பவர் மொத்தமாகக் கட்டலாம். போனஸ் கைக்கு வந்தால் நகைக்கடைக்குப் போய்விடும் என்று தெரிந்தவர் மாதாமாதம் கட்டிவிடுவது நல்லது.

கடைசி வரிசைதான் எல்லோருக்கும் பிடிக்கும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போனால் 13-வது ஆண்டில் தவணை 77,924 ரூபாய். 32 வயதில் கடன் வாங்கியவருக்கு அப்போது 44 வயது. பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் நேரம். ஓஎம்ஆரில் எந்த ஐடி கம்பெனி அந்த வயதில் யாரை வைத்திருக்கும், யாரை அனுப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்தது இதன் பாதி வடிவம். முதல் ஐந்து ஆண்டு முடிவுகளில் மட்டும் 5 சதவீதம் ஏற்றிவிட்டு, 55,379 ரூபாயில் நிறுத்திக்கொள்வது. கடன் 13 ஆண்டு 10 மாதத்தில் முடிகிறது, வட்டி சுமார் 37 லட்சம். அதாவது கடைசி வரிசையைவிட ஒன்றரை ஆண்டுதான் அதிகம். தவணையோ 78,000-ஐ நெருங்காமல் 55,000 சொச்சத்தில் நின்றுவிடுகிறது.

இதிலும் ஒரு நடைமுறை விஷயம் உண்டு. வங்கியில் எழுதிக் கொடுத்துத் தவணையையே ஏற்றிக்கொள்வதைவிட, பழைய தவணையை அப்படியே ஓடவிட்டு, மீதித் தொகையை நீங்களாகவே மாதாமாதம் கடன் கணக்குக்கு அனுப்புவது பாதுகாப்பு. வேலை போனால் அதை நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஒப்புக்கொண்ட தவணையைக் கட்டத் தவறினால் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் எண்) அடிவாங்கும். அனுப்பிய பணம் அசலில் கழிந்ததா, அடுத்த தவணைக்கு முன்பணமாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை மட்டும் அந்த மாத ஸ்டேட்மெண்டில் பாருங்கள்.

காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா

மொத்தமாக ஒரு தொகை கட்டப் போனால் வங்கியில் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். முதல் ஆண்டு முடிவில் 5 லட்சம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால், கட்டிய 5 லட்சம் போக மிச்சமாகும் வட்டி சுமார் 16 லட்சம். காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைத்தால் மாதம் 4,427 ரூபாய் குறையும், ஆனால் மொத்தத்தில் மிச்சம் 5 லட்சம்தான். அந்த 4,427-ஐயும் மாதாமாதம் கடனுக்கே திருப்பிக் கட்டினால் முதல் வழியின் பலனே கிடைக்கும். செய்பவர்கள் மிகக் குறைவு. வீட்டுச் செலவு அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஒருவர் வேலையை விட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்றால் மட்டும் தவணையைக் குறைப்பதில் அர்த்தம் உண்டு.

அதே 5 லட்சத்தை பத்தாவது ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சம் 16 லட்சம் இல்லை, 5.7 லட்சம்தான்.

எந்தக் கஷ்டமும் இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போவை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை) குறைக்கத் தொடங்கி, ஜூனுக்குள் 5.5-க்குக் கொண்டுவந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகளில் மாறும் வட்டியில் எடுத்த கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு இணைந்தவை, அதனால் வட்டி தானாகவே இறங்கும். வட்டி 8.5-லிருந்து 7.5 ஆனால் நம் கணக்கில் தவணை 40,280-க்கு வரவேண்டும். வரவிடாமல் பழைய 43,391-ஐயே கட்டிக்கொண்டிருந்தால் 20 ஆண்டுக் கடன் 17 ஆண்டு சொச்சத்தில் முடியும்.

ஏறும்போது நடப்பது வேறு. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5-க்கு ஏறியது. 7 சதவீதத்தில் 50 லட்சம் எடுத்தவரின் தவணை 38,765. வட்டி 9.5 ஆனால் முதல் மாத வட்டி மட்டுமே 39,583! தவணையை மாற்றாமல் விட்டால் கடன் முடியவே முடியாது. இதனால்தான் 2023 ஆகஸ்டில், வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. உங்கள் கடன் எத்தனையாவது மாதத்தில் முடிகிறது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அந்தப் பணத்தை வேறு இடத்தில் போட்டால்?

ஃபிக்ஸட் டெபாசிட்டை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 7 சதவீதம் கிடைத்து அதில் 30 சதவீதம் வரி போனால் கையில் நிற்பது 5-க்குக் கீழே. அவசரத்துக்கு ஆறு மாதச் செலவுப் பணம் அதில் இருக்கட்டும், அதற்கு மேல் இருப்பது கடனுக்குப் போகலாம்.

பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) 7.1 சதவீதம், வரி இல்லை. 8.5 சதவீதக் கடனிடம் அது தோற்கும். செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2024 முதல் 8.2 சதவீதம், அதற்கும் வரி இல்லை. உங்கள் கடன் வட்டி 7.5-க்கு வந்துவிட்டது, வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட மகள் இருக்கிறாள் என்றால், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை அதில் போடுவது கடன் அடைப்பதைவிட லாபம்.

எஸ்ஐபிதான் உண்மையான போட்டி. நீண்ட காலத்தில் பங்குச்சந்தை ஃபண்டுகள் 8.5-ஐத் தாண்ட வாய்ப்பு உண்டு. ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரியைக் கழித்தாலும்கூட. ஆனால் கடனில் மிச்சமாகும் வட்டி உறுதி, ஃபண்டில் கிடைப்பது உறுதியில்லை. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது எஸ்ஐபியை நிறுத்தாமல் இருந்தவரா நீங்கள்? அப்படியென்றால் அந்தப் பக்கம் போங்கள். நிறுத்தியவர் என்றால் கடனை அடையுங்கள்.

நம் ஊரில் சீட்டையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. “சீட்டு எடுத்து மொத்தமாக் கடன்ல போட்டுடலாம்” என்று பல வீடுகளில் திட்டம் ஓடுகிறது. ஆரம்ப மாதங்களிலேயே தள்ளி எடுத்தால் அந்தத் தள்ளுபடியும் ஒரு வட்டிதான், பல நேரம் வீட்டுக் கடன் வட்டியைவிட அதிகம். கடைசியில் எடுத்தால் கட்டாயச் சேமிப்பாகிறது, ஆனால் நடத்துபவரின் கமிஷன் (2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம் வரை) அதில் போகிறது. எடுப்பதானால் பதிவு செய்த சீட்டு, கடைசி மாதங்கள். மற்றபடி வேண்டாம் என்பேன்.

கடனோடு ஓவர்டிராஃப்ட் கணக்கு இணைந்த வகையும் உண்டு, எஸ்பிஐ மேக்ஸ்கெயின் மாதிரி. உபரிப் பணத்தை அதில் போட்டு வைத்தால் அந்தத் தொகைக்கு வட்டி ஏறாது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். 3 லட்சம் கிடந்தால் 8.5 சதவீதத்தில் ஆண்டுக்கு 25,500 மிச்சம். தொழில் செய்பவர்களுக்கும், வருமானம் ஏறி இறங்குபவர்களுக்கும் அருமையான வசதி. மாதச் சம்பளக்காரர்களுக்கு நான் அவ்வளவாகச் சொல்லமாட்டேன். எடுக்க முடிகிற பணம் கார் முன்பணமாக மாற அதிக நாள் ஆகாது.

இரண்டு சம்பளம், ஒரு கடன்

வரியைப் பார்க்காமல் இதை முடிவு செய்யக்கூடாது. பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கு ஒருவர் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். நம் கடனில் முதல் ஆண்டு வட்டி 4.21 லட்சம். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் பாதிக்கு மேல் எந்தச் சலுகையும் இல்லை, அந்தப் பகுதியை முன்கூட்டி அடைப்பதில் வரி நஷ்டமே கிடையாது. பத்திரத்திலும் கடனிலும் இருவர் பெயரும் இருந்து, இருவரும் தவணையில் பங்கு கட்டினால் 4 லட்சம் வரை கழியும், அப்போது அவசரம் கொஞ்சம் குறைகிறது. புதிய முறைக்கு மாறியவர்களுக்குச் சொந்தக் குடியிருப்பில் இந்தக் கழிவே இல்லை. “வரி மிச்சமாகுது, கடன் ஓடட்டும்” என்று இன்னும் சொல்பவர்கள் எந்த முறையில் ரிட்டர்ன் போடுகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

இருவரின் விருப்பமும் வேறாக இருந்தால் ஒரு ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். மாத உபரியைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதி கடனுக்கு, ஒரு பாதி எஸ்ஐபிக்கு. சம்பள உயர்வு வரும் மாதத்தில் இருவரும் உட்கார்ந்து அடுத்த ஓராண்டுக்கான தொகையை முடிவு செய்துவிட வேண்டும், அதற்குப் பிறகு மாதாமாதம் அதைப் பற்றிப் பேச்சில்லை. இலக்கையும் ரூபாயில் வைக்காமல் தேதியில் வையுங்கள்: “பெரியவள் பிளஸ் டூ முடிப்பதற்குள்” என்பது “இன்னும் 31 லட்சம்” என்பதைவிட இருவருக்கும் நன்றாக நினைவிருக்கும். கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் எதுவும் நிற்கிறதென்றால் அதை முடித்துவிட்டு வீட்டுக் கடன் பக்கம் வாருங்கள்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிடாது. தமிழ்நாட்டில் மூலப்பத்திரம் அடமானம் வைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பார்கள், அது வில்லங்கச் சான்றில் நிற்கும். வங்கியிடமிருந்து கடன் தீர்ந்த ரசீது வாங்கி அதையும் பதிவு செய்தால்தான் அந்தப் பதிவுக்கு முடிவு வரும். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் விதி. பத்திரங்களை எண்ணி வாங்கி, ரசீதைப் பதிந்த பிறகு புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.