ஹாங்கரில் ஆறு, வானத்தில் இரண்டு

போன மாதம் கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். கணிதப் பிரிவில் உயர்தரம் முடித்தவன், பெறுபேறும் வந்துவிட்டது. விமானியாக வேண்டும், எந்த அக்கடமி நல்லது என்று கேட்டான். "பெயரை மட்டும் சொல்லுங்கோ அண்ணா, காணும்" என்றான். நான் சொல்லவில்லை. நான் சேர்ந்தபோது நன்றாகத் தெரிந்த இடம் ஆறு மாதத்தில் வேறு மாதிரி ஆனது, பிறகு திரும்பவும் நிமிர்ந்தது. அதனால் பெயரை விட்டுவிட்டு, எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்தில் உள்ள ஒரு அக்கடமியில் நான் சேர்ந்தது 2021 நவம்பரில். கையேட்டில் 18 மாதப் பாடநெறி என்று போட்டிருந்தது. வணிக விமானி உரிமம் கைக்கு வந்தது 2025 பெப்ரவரியில். கூட்டிப் பார்த்தால் 39 மாதம்.

சேரும்போது நான் செய்த பிழை, சந்தையில் மரக்கறி வாங்குவதுபோல விலை கேட்டுத் திரிந்ததுதான். மூன்று இடத்தில் மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, குறைந்ததைப் பிடித்தேன். வரவேற்பறையில் குளிரூட்டி, சுவரில் தோளில் பட்டி குத்திய வெள்ளைச் சட்டைக்காரர்களின் படங்கள், ஒரு சிமியுலேட்டர். ஹாங்கருக்குள் வரிசையாக ஆறு செஸ்னா. அப்பா சுன்னாகத்தில் உழவு இயந்திரம் திருத்துகிறவர். அவர் சிமியுலேட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆறு விமானத்தையும் சுற்றி நடந்து வந்து, சேர்க்கைக்குப் பொறுப்பானவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதெல்லாம் ஓடுதோ?" அவர் சிரித்துக்கொண்டே "ஓம் சேர், எல்லாம் ஓடும்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விமானத்தைப் பார்த்து லாண்ட்மாஸ்டரைக் கேட்பதுபோலக் கேட்கிறாரே என்று.

அந்த ஆறில் ஒன்றுக்கு இஞ்சினே இல்லை என்பது இரண்டாம் கிழமைதான் தெரிந்தது. மூடி பூட்டியிருந்ததால் வெளியே தெரியவில்லை. இன்னொன்று வெளிநாட்டில் இருந்து வரவேண்டிய ஒரு உதிரிப்பாகத்துக்காக நின்றது. பயிற்சி விமானங்களை ஒவ்வொரு 100 மணித்தியாலமும் பிரித்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் எப்போதும் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஆக, ஒரு சாதாரண நாளில் பறந்தது இரண்டு.

மாணவர் 22 பேர். ஒரு விமானம் நாளுக்கு 4 மணித்தியாலம் பறந்தால் இரண்டும் சேர்ந்து 8. தலைக்கு 22 நிமிடம் வருகிறது. மாதம் 25 நாள் பறந்தாலும் 9 மணித்தியாலம்தான். வணிக உரிமத்துக்குத் தேவை 200 மணித்தியாலம், அதாவது 22 மாதம். அதுவும் மழையே பெய்யாத ஊரில். இரத்மலானையிலோ மே தொடக்கம் தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் மத்தியானம் தாண்டினால் இடி. கண்ணால் பார்த்துப் பறக்கிற மாணவனுக்கு 5 கிலோமீற்றர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு கன்டீன்தான். இந்தக் கணக்கைச் சேருவதற்கு முன் ஒரு கொப்பித் தாளில் போட்டிருந்தால் பத்து நிமிடம் போயிருக்காது.

பிறகு 2022 வந்தது. கட்டணம் டொலரில். நாங்கள் வைத்திருந்தது அம்மாவின் பெயரில் இருந்த காணித்துண்டை ஈடு வைத்து எடுத்த ரூபாய். சேரும்போது டொலர் 200 ரூபாய்ச் சொச்சம். மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள், மே மாதம் 360 வரை போனது. காணி அப்படியே இருந்தது, அதற்குக் கிடைத்த பறப்பு நேரம் பாதிக்குக் கிட்ட வந்துவிட்டது. கனடா மாமா இல்லாவிட்டால் நான் அந்த மேயிலேயே யாழ்தேவி ரயில் ஏறி ஊருக்குப் போயிருப்பேன். உதிரிப்பாகம் வரவில்லை. அந்த ஜூன் மாதம் முழுக்க நான் பறந்தது 1.2 மணித்தியாலம். போர்டிங் வாடகையும் சாப்பாட்டுக் காசும் மட்டும் தவறாமல் போனது. பாடநெறிக் கட்டணத்தை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள், காத்திருக்கும் மாதங்களின் செலவை யாரும் ஒப்பிடுவதில்லை. என் கணக்கில் அதுதான் பெரிய ஓட்டை.

இன்னொரு ஓட்டை விமானத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹொப்ஸ் மீற்றர் என்று ஒரு சின்னப் பெட்டி. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதுவும் ஓடும்; கடைசி இலக்கம் ஒவ்வொரு 6 நிமிடத்துக்கும் ஒன்று கூடும். கட்டணம் அதைப் பார்த்துத்தான். ஓடுபாதை முனையில் உங்களுக்கு முன்னால் நாலு விமானம் நின்றால், புரொப்பெல்லர் சும்மா சுற்ற, நீங்கள் அந்த இலக்கம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். ஒருநாள் 0.4 மணித்தியாலம் தரையிலேயே போனது. சில இடங்களில் இஞ்சின் சுற்றும் வேகத்தை வைத்து ஓடும் டகோ மீற்றர் பார்த்து, சில இடங்களில் சக்கரம் தரையை விட்ட நேரம் பார்த்து எடுப்பார்கள். ஒரே விலை சொல்லும் இரண்டு இடங்கள் உண்மையில் ஒரே விலை அல்ல. எதைப் பார்த்துக் காசு எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். சங்கடப்படத் தேவையில்லை, ஓட்டோக்காரரிடம் மீற்றர் போடச் சொல்வதுபோலத்தான்.

பயிற்றுநர்கள் ஐந்து பேர் மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பலர் 200, 300 மணித்தியாலத்தோடு பயிற்றுநராகி, விமான நிறுவனம் எடுக்கும்வரை மணி சேர்க்கிறவர்கள். அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் புதிதாக வருகிறவர் "சரி, முதலில் ஸ்டோல் செய்து காட்டு" என்று தொடங்குவார். ஸ்டோல் என்றால் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலை; அதிலிருந்து விமானத்தை மீட்டுக் காட்ட வேண்டும். முன்னவரிடம் ஏற்கெனவே காட்டியதை என் காசில் திரும்பவும் காட்ட வேண்டும். மூன்றாமவர் மட்டும் என் பயிற்சிப் பதிவேட்டை முழுக்க வாசித்துவிட்டு வந்தார். அவரோடு பறந்த நாலு மாதத்தில் கற்றது மற்ற நாலு பேரிடமும் கற்றதைவிடக் கூட.

நல்லதையும் சொல்ல வேண்டும். பறக்கும்போது எனக்கு ஒருநாளும் விமானத்தைப் பற்றிப் பயம் வந்ததில்லை. சந்தேகம் இருந்தால் அந்த இஞ்சினியர்மார் விமானத்தை வெளியே விடமாட்டார்கள், யார் கத்தினாலும் சரி. காலையில் இறக்கையின் கீழே ஒரு சின்னக் குழாயில் எரிபொருளை இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். 100 எல்எல் பெற்றோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் குமிழாக நிற்கும். ஒரு மழைநாளுக்கு அடுத்த காலையில் எனக்கு அப்படி ஒரு குமிழ் தெரிந்தது. காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல், குமிழ் வராத மட்டும் திரும்பத் திரும்ப இறக்கச் செய்தார்கள். விமானத்தை நிற்க வைத்தது அவர்களுடைய நல்ல குணம். நிற்கிறது என்று சேரும்போது சொல்லாததுதான் எனக்குக் கோபம்.

ஆங்கிலம் எனக்கு முதலில் பெரிய பயம். வானொலியில் கட்டுப்பாட்டாளர் ஒரே மூச்சில் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி, முன்னால் போகும் வாகனங்களின் இலக்கத் தகடுகளை அல்ஃபா, பிராவோ, சார்லி என்று வாய்க்குள் வாசித்தே பழகினேன். பக்கத்தில் நின்றவர்கள் மந்திரம் சொல்கிறான் என்று நினைத்திருப்பார்கள். மூன்று மாதத்தில் பயம் போய்விட்டது. எங்கள் ஆட்கள் இதற்காகத் தயங்கத் தேவையில்லை. வானொலி ஆங்கிலத்தில் சொற்கள் கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப வருபவைதான்.

தயங்க வேண்டியது மருத்துவச் சோதனைக்கு. முதலாம் வகுப்பு மெடிக்கல் கிடைக்காமல் வணிக உரிமம் இல்லை. எங்கள் பிரிவில் ஒருவன் முற்பணம் கட்டி, சட்டை தைத்து, வீட்டில் பூசையும் வைத்துவிட்டுப் போனான். நிறப்புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் இலக்கத்தை வாசிக்கச் சொல்லும் புத்தகத்தில் அவனுக்கு இலக்கமே தெரியவில்லை. அதுவரை தனக்கு நிறக்குருடு என்றே அவனுக்குத் தெரியாது. முற்பணத்தில் பாதிதான் திரும்பியது. மெடிக்கல் முதலில், காசு பிறகு.

2024 ஜூலையில் தனியாக நெடும்பறப்பு. குறைந்தது 540 கிலோமீற்றர், வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நிற்க வேண்டும் என்பது விதி. நான் அனுராதபுரமும் பலாலியும் கேட்டேன், அனுமதி கிடைத்தது. 2019 ஒக்டோபரில் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, அடுத்த மாதம் சென்னையில் இருந்து ஏடிஆர் என்ற சின்னப் பயணிகள் விமானம் வந்தபோது, வேலிக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்த பெடியன் நான். ஆனையிறவைத் தாண்டும்போது உப்பளங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. பிறகு பனை, பிறகு செம்மண் சதுரங்கள், அவற்றுக்குள் வெங்காயப் பச்சை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக அடித்ததால் விமானம் நண்டுபோலப் பக்கவாட்டில் போனது. சென்னை ஏடிஆர் வருகிறது என்று என்னை ஒரு பக்கத்தில் வட்டமிடச் சொன்னார்கள். இரண்டு வட்டம், மீற்றரில் 0.1. இறங்கிய கையோடு அப்பாவுக்கு எடுத்தேன். கராஜில் இருந்தவர் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். "ஓடுதடா, நல்லாத்தான் ஓடுது" என்றார். அந்த விமானம்தான் அவர் ஹாங்கரில் சுற்றிப் பார்த்த நாளில் இஞ்சின் இல்லாமல் நின்றது என்று நான் சொல்லவில்லை.

அந்தத் தம்பிக்குச் சொன்னது இதுதான். வேலைநாள் ஒன்றில் காலை ஏழு மணிக்கு, யாருக்கும் சொல்லாமல் போய், பத்து மணிவரை எத்தனை எழும்புகிறது என்று எண்ணு. பிறகு கன்டீனில் மூன்றாம் வருடப் பெடியன் ஒருவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, அவன் பறந்த மணித்தியாலங்களை எழுதி வைக்கும் லொக்புக்கைக் காட்டச் சொல். வெள்ளைச் சட்டைப் படம் ஒன்றும் சொல்லாது, லொக்புக்கில் மாதத்துக்கு மாதம் இருக்கும் இடைவெளி எல்லாம் சொல்லும். மொத்தக் கட்டணத்தையும் ஒரேயடியாகக் கேட்டால் எழுந்து வா. பறக்கப் பறக்கக் கட்டுகிற ஏற்பாடு கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், அந்த நாட்டில் நம் உரிமத்தை மாற்ற எத்தனை பரீட்சை எழுத வேண்டும் என்பதை இப்போதே விசாரித்து வை.

போன செவ்வாய்க்கிழமை அவன் செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணா, ஏழு நிக்குது, அஞ்சு பறந்தது." அது நான் படித்த இடம் இல்லை, பக்கத்து இடம்.

எனக்கு இன்னும் விமான நிறுவன வேலை கிடைக்கவில்லை. பல இஞ்சின் தகுதியும், கருவி பார்த்துப் பறக்கும் தகுதியும் கையில் இருக்கின்றன. கருவித் தகுதியை ஆண்டுதோறும் ஒரு சோதனைப் பறப்பு பறந்து புதுப்பிக்க வேண்டும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மெடிக்கலும் 12 மாதத்துக்குத்தான். இந்தச் செலவு எந்தக் கையேட்டிலும் இல்லை. மெடிக்கலுக்கு அடுத்த மாதம் 9ஆம் திகதி போகிறேன், இரவு பஸ்ஸுக்கு ஆசனம் போட்டாயிற்று.