சைக்கிள் கிளப் நடத்துபவர்களே, "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பதை நம்பாதீர்கள்

ஞாயிறு காலையில் ஈசிஆரில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டும் குழு எங்களுடையது. கணக்கு வழக்கு என் பொறுப்பு. உறுப்பினர்களுக்கு குரூப் பாலிசி எடுத்துத் தந்த ஏஜெண்டிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டோம்: நம்ம ஆள் யார் மேலாவது மோதிவிட்டால்? "தேர்ட் பார்ட்டியும் சேர்த்துத்தான் சார்" என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதினார். கைக்கு வந்தது ஒரு பக்கச் சான்றிதழ். முழு பாலிசியைக் கேட்டபோதெல்லாம் "மெயில்ல வரும்".

கோவளம் தாண்டி எங்கள் பையன் ஒருவன், சாலையைக் கடந்த பெரியவர் மீது மோதினான். அவருக்கு இடுப்பெலும்பு முறிவு, இவனுக்குத் தோள்பட்டை. க்ளெய்ம் போட்டால், இது பர்சனல் ஆக்சிடெண்ட் பாலிசி என்கிறார்கள். உறுப்பினர் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோதான் பணம். மோதுபட்டவருக்கு ஒரு பைசா இல்லை. பையனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் தனிப் பிரிவு சேர்த்திருக்க வேண்டுமாம். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும் ஏஜெண்ட் எங்களை பிளாக் செய்துவிட்டார்.

கார், பைக்குக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். மிதிவண்டி மோட்டார் வாகனமே இல்லை என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் குழு சங்கமாகப் பதிவானதும் இல்லை. வக்கீல் நோட்டீஸ் ரைடை நடத்தியவர்களின் சொந்தப் பெயருக்கே வந்தது. "என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்று உறுப்பினர்களிடம் வாங்கிய கையெழுத்து, ரோட்டில் நடந்துபோனவரை எப்படிக் கட்டுப்படுத்தும்?

வேண்டியது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி, அதாவது நம்மால் அடிபட்ட வெளியாளுக்கு நாம் தரவேண்டிய ஈட்டுத்தொகையை ஏற்கும் பாலிசி. அதிலும் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. அடுத்து வந்த ஏஜெண்ட் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்லி ஒன்றை நீட்டினார். போபால் விபத்துக்குப் பின், அபாயகரமான பொருட்களைக் கையாளும் இடங்களுக்காக வந்த சட்டம் அது. நமக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது! தொழிற்சாலை அல்லாதவற்றுக்கான பாலிசி வேறு. அதில் ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு, நேரம் வைத்து ஓட்டும் போட்டிகளை விலக்கியிருக்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். முக்கியமாக, ஒரு உறுப்பினர் இன்னொருவரை இடித்துத் தள்ளினால் செல்லுமா? கூட்டமாகப் போகையில் சக்கரம் உரசி விழுவதுதானே அதிகம்.

காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிந்திருக்கிறோம். எங்களை பிளாக் செய்த அந்த முதல் ஏஜெண்ட் இப்போது மாரத்தான் குழுக்களிடம் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. உங்களிடம் வந்தால் முழு பாலிசியைக் கண்ணால் பார்க்காமல் காசோலை கொடுக்காதீர்கள்.