கியர் குறைக்க எது சரி: மெதுவா கிளட்ச் விடுறதா, ரெவ் மேட்ச்சா, டபுள் கிளட்ச்சா?

கியரை ஏத்துறதுல பெருசா சண்டை இல்ல, குறைக்கிறதுலதான் ஆளுக்கு ஒரு வழி. என்னோடது அஞ்சு கியர் சின்ன பெட்ரோல் கார். மாமனார் வீடு கொல்லிமலை மேல, அதனால மாசம் ஒரு தடவையாவது அடிவாரத்துல இருக்குற காரவள்ளிலேர்ந்து அந்த 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கணும், இந்த மூணையும் அங்கதான் பண்ணிப் பார்த்தேன்.

நியூட்ரல்ல இறங்குறத நான் கணக்குலயே சேர்க்கல. பெட்ரோல் மிச்சம்னு சொல்றவங்களுக்கு மட்டும் ஒண்ணு, இஞ்செக்‌ஷன் வண்டி கியர்ல உருளும்போது ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா பெட்ரோல் கட் ஆயிடும், நியூட்ரல்லதான் ஐடிலிங்குக்குக் குடிக்கும்.

டிரைவிங் ஸ்கூல்ல சொல்லித்தர்றது கிளட்ச்ச மிதிச்சு ரெண்டாவது போட்டு மெதுவா விடுறது. ஈஸி, குலுங்காது. நானும் நாலு வருசம் அப்படித்தான் ஓட்டுனேன். ஆனா மூணாவதுல இன்ஜின் 2000 ஆர்பிஎம்ல ஓடுனா அதே ஸ்பீடுக்கு ரெண்டாவதுல கிட்டத்தட்ட 3000 வேணும், அந்த ஆயிரத்த யார் ஏத்துறா? கிளட்ச் பிளேட்டுதான் தேய்ஞ்சு தேய்ஞ்சு இன்ஜினை இழுத்துட்டுப் போகுது. 70 வளைவுக்கும் இதே கதை. ஒருநாள் ஏத்தத்துல இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரல, கருகுன வாடை வேற. கியர்பாக்ஸை இறக்குன மெக்கானிக் "ரிவெட்டு தெரியுது பாருங்கண்ணே"ன்னு, மேல இருக்குற லைனிங் தேய்ஞ்சு போன பிளேட்டை கைல குடுத்தாரு, அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டு முழுக்க சூட்டுல நீலம் பூத்திருந்துச்சு. கூலியோட ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆச்சு. ஏத்தத்துல கிளட்ச்ச பாதி மிதிச்சபடி ஹாஃப் கிளட்ச்சுல நின்னதும் காரணம்தான், அதை மறைக்கல.

புது பிளேட்டு போட்டதுலேர்ந்து ரெவ் மேட்ச்தான், அதாவது இன்ஜின் சுத்துற வேகத்த (ரெவ்) கீழ் கியருக்கு ஏத்த மாதிரி நாமளே ஏத்திக்கிறது. முதல்ல பிரேக்கப் போட்டு ஸ்பீடக் குறைச்சிட்டு, கிளட்ச் உள்ள இருக்கும்போதே ஆக்சிலேட்டர சின்னதா ஒரு தட்டு, "உர்ர்"னு ரெவ் ஏறுனதும் ரெண்டாவதுல கிளட்ச்ச விட்டா வண்டி அசையறதே தெரியாது. தட்டு கம்மியானா தலை முன்னால ஆடும், ஜாஸ்தியானா வண்டி பாயும், ஒரு வாரம் காலி ரோட்டுல பழகணும். பிரேக் பேடு தேயுமேன்னு கேப்பீங்க, தேயட்டும், ரெண்டாயிரத்துக்குள்ள மாத்திடலாம், அதுக்கு கியர்பாக்ஸ இறக்க வேண்டியதில்ல. பிரேக்க மிதிச்சுக்கிட்டே குதிகால்ல ஆக்சிலேட்டர தட்டுற ஹீல் அண்ட் டோ எனக்கு வரல, மூணு தடவ முயற்சி பண்ணி மூணு தடவையும் பிரேக்க ஓங்கி மிதிச்சேன்.

டபுள் கிளட்ச் பழைய லாரி டிரைவர்ங்க வித்தை. நியூட்ரல்ல கிளட்ச்ச விட்டு ரெவ் ஏத்திட்டு மறுபடி மிதிச்சு கியர் போடுறது. சிங்க்ரோமெஷ் (கியர் விழறதுக்கு முன்னாடி பல்லுங்க வேகத்த சமமாக்குற அமைப்பு) இல்லாத கியர்பாக்ஸ்ல அது இல்லாம பல்லு கரகரன்னு கத்தும். இப்ப இருக்குற கார்ல அந்த வேலைய சிங்க்ரோவே பாத்துக்கும், அதனால காலுக்குத்தான் வலி. ரெண்டாவது கியர் விழ அடம்பிடிக்கிற பழைய வண்டினா மட்டும் ட்ரை பண்ணலாம்.

டீசல்ல ரெண்டே நாள்தான் ஓட்டிருக்கேன், தட்டுனதும் ரெவ் சோம்பலா ஏறுன மாதிரி இருந்துச்சு, அதுக்கு மேல சொல்ல தெரியல. புது பிளேட்டு போட்டு 22,000 கிலோமீட்டர் ஆச்சு, கிளட்ச் இன்னும் அடிலேயே பிடிக்குது. வீட்டம்மாவுக்கு மட்டும் அந்த "உர்ர்" பிடிக்கல, ஒவ்வொரு வளைவுக்கும் "எதுக்கு இப்ப உறுமுறீங்க"ன்னு கேக்குறாங்க.