வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: பில் இல்லாமல் வாங்கி நான் பட்டது

சென்ற ஆடித் தள்ளுபடியின்போது திருச்சியில் ஒரு கடையில் வெல்டிங் மெஷின் வாங்கினேன். மாடித் தோட்டத்துக்கு இரும்பு ஸ்டாண்டுகள் செய்ய வேண்டும், கை பழகியதும் தெரிந்தவர்களுக்கும் செய்துகொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே முறையில் விற்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் அக்கா, வீட்டு கரண்டிலேயே ஓடும். கேபிள், ஹோல்டர், முகக் கவசம் எல்லாம் கூடவே இலவசம். பழக்கியும் அனுப்பிவிடுவோம்" என்றார் கடைக்காரர். விலை 8,500 ரூபாய். பில் வேண்டுமென்றால் 18 சதவீத வரி கூடும் என்று சொல்லி, 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட துண்டுச் சீட்டைக் கொடுத்தார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். வாரண்டி அட்டையில் முத்திரையும் இல்லை, மெஷினின் வரிசை எண்ணும் இல்லை. அதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

பயிற்சி என்பது கடை வாசலில் இரண்டு மணி நேரம். சொல்லிக்கொடுத்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கையுறை இல்லை, காலில் ரப்பர் செருப்பு. "நீளமாக ஓட்டும்போது கவசம் பிடித்தால் போதும். புள்ளி வைத்து டேக் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றான். டேக் என்பது துண்டுகள் நகராமலிருக்க முதலில் வைக்கும் சிறு ஒட்டு. அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நானும் வீட்டில் அப்படியே செய்தேன். ஒரு ஸ்டாண்டுக்கு முப்பது, நாற்பது டேக் விழும். ஒவ்வொன்றிலும் கண்ணை மூடுவதற்கு ஒரு நொடி முன்பே ஒளி உள்ளே புகுந்துவிடுகிறது.

அன்று மாலை வரை ஒன்றும் தெரியவில்லை. இரவு பதினோரு மணிக்கு மேல் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல வலி எடுத்தது. தண்ணீராகக் கொட்டியது, விளக்கு வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. பட்டறைக்காரர்கள் இதை 'கண்ணில் ஆர்க் அடிப்பது' என்கிறார்கள். ஆர்க் என்பது வெல்டிங் கம்பியின் நுனியில் எரியும் மின்சாரச் சுடர். அடுத்த தெருவில் பிள்ளை பெற்ற பெண்ணிடம் தாய்ப்பால் கேட்டு வாங்கி வருகிறேன் என்று மாமியார் கிளம்பினார். உருளைக்கிழங்கை வெட்டி வைக்கச் சொன்னார் கொழுந்தனார். இரண்டையும் மறுத்து, ஈரத் துணியை மூடிய இமைமேல் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கண் மருத்துவர் பார்த்துவிட்டு, கருவிழியின் மேல்தோல் புற ஊதாக் கதிரில் வெந்திருக்கிறது என்றார். இந்த வலி ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தலைகாட்டுமாம். களிம்பும் சொட்டு மருந்தும் எழுதிக்கொடுத்தார். தாய்ப்பால், கிழங்கு எதுவும் கண்ணுக்குள் போகக்கூடாது, கிருமி தொற்றினால் பார்வைக்கே ஆபத்து என்றார். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மருந்துக்கடையில் நாமாக வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் புண் ஆறாது என்பதையும் அழுத்திச் சொன்னார். இரண்டு நாளில் சரியானது.

பிறகு திருச்சியை அடுத்த துவாக்குடிப் பக்கப் பட்டறைகளில் முப்பது ஆண்டுகள் வெல்டராக இருந்த பெரியவர் ஒருவரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதலில் மெஷினைத் தொடவே இல்லை. கவசத்தைத் தூக்கி அதன் வழியாக ஜன்னலைப் பார்த்தார். "கம்பி தெரிகிறது, வேப்பமரம் தெரிகிறது. இது வாயுச் சுடரில் இரும்பு வெட்டுகிறவர்கள் போடும் கேஸ் கட்டிங் கண்ணாடி அம்மா" என்றார். ஆர்க் வெல்டிங்குக்கு 10 அல்லது 11 என்று எண் பொறித்த கறுப்புக் கண்ணாடி வேண்டும். அதன் வழியாக அறையில் எதுவுமே தெரியக்கூடாது, எரியும் பல்பு மட்டும் மங்கலாகத் தெரியலாம். எனக்குக் கொடுத்ததில் எண்ணே இல்லை. ஆர்க்கைப் பார்த்த பிறகு வெகுநேரம் கண்ணுக்குள் பச்சைப் புள்ளிகள் மிதந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. எண் போட்ட நல்ல கண்ணாடியின் விலை நாற்பது ரூபாய்கூட இல்லை. அதில்கூடவா ஏமாற்ற வேண்டும்? இன்றுவரை மனம் ஆறவில்லை.

அடுத்து கேபிளைக் கத்தியால் சுரண்டினார். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு. அதே பருமனுள்ள செம்பைவிட அது அதிகம் சூடேறும். இரண்டு ராடு, அதாவது வெல்டிங் கம்பி, எரிப்பதற்குள் கைப்பிடி ஏன் சுட்டது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

மெஷினின் முன்பக்கத்தில் '200' என்று பெரிதாக எழுதியிருந்தது. பின்பக்கத் தகட்டில் ஒன்றும் இல்லை. ஒழுங்கான மெஷினில் எக்ஸ் என்ற எழுத்துக்கு நேரே ஒரு சதவீதம் இருக்கும். 60 என்றால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், மீதி நேரம் ஆறவிட வேண்டும் என்று பொருள். சதவீதம் சொல்லாத ஆம்பியர் எண்ணுக்கு மதிப்பே இல்லை. வீட்டு கரண்ட் என்ற பேச்சும் பாதிப் பொய்தான். மெஷின் வெளியே தரும் ஆம்பியர் வேறு, சுவர் பிளக்கிலிருந்து இழுக்கும் ஆம்பியர் வேறு. இரண்டரை மில்லிமீட்டர் ராடை 80 ஆம்பியரில் எரித்தாலே 16 ஆம்பியர் பிளக் தன் எல்லையை நெருங்கிவிடும். 200 ஆம்பியரை உண்மையிலேயே எடுத்தால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். எங்கள் வீட்டில் ஒரு பிளக் உருகியே போனது.

பழகுவதற்கென்று கடையில் கொடுத்த துண்டுகள் ஜி.ஐ. பைப். அதன் துத்தநாகப் பூச்சு எரிந்தால் வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். காற்றோட்டமான இடத்தில் செய்ததால் நான் தப்பித்தேன். பூச்சு இல்லாத சாதாரண இரும்புப் பட்டையில்தான் பழக வேண்டும் என்றார் பெரியவர். எந்த இரும்பானாலும் புகைக்கு முகத்தைக் கொடுக்காதீர்கள். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

கடைக்குத் திரும்பிப் போனேன். "எங்கள் கடைப் பொருள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார் அதே கடைக்காரர். அக்கா என்ற சொல் இப்போது வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அழைத்தபோது முதல் கேள்வியே பில்லைப் பற்றித்தான். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். எஸ்டிமேட் சீட்டையும் பணம் அனுப்பிய விவரத்தையும் வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வாரம் மூன்று நாள் பெரியவரிடம் பழகுகிறேன். முதல் நாள் அவர் நெருப்பையே காட்டவில்லை. பருத்தி உடை, தோல் கையுறை, மூடிய காலணி, காய்ந்த தரை, பக்கத்தில் ஒரு வாளி மணல், பத்தடிக்குள் பெயிண்ட் டப்பாவோ தேங்காய் நாரோ இல்லாமல் துடைத்த இடம், இவ்வளவையும் என்னையே செய்ய வைத்தார். டேக் அடிக்கவும் கவசம்தான். ஒட்டின் மேல் படியும் கசடைத் தட்டும்போது நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், சூடான கசடு நேராகக் கண்ணுக்குத்தான் தெறிக்கும் என்கிறார். முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு இருக்கிறது, ஓராண்டுப் படிப்பு.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். அதே பையன் வாசலில் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு கண்ணும் சிவந்து நீர் வடிந்தது. பையிலிருந்த 11-ஆம் எண் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டு, "முதலாளிக்குத் தெரிய வேண்டாம் அக்கா" என்று சொல்லிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.